வேறு நிறத்தில் ஒரு பல்

பல் கட்டும் கூடத்தில் அவளுக்கு ஷேடக்கா என்று பெயர். முதலாளி அவளைவிட மூத்தவர். அவருக்கும் அவள் ஷேடக்காதான். பல்லின் நிறத்தை அங்கே ஷேடு என்பார்கள். வெள்ளை என்று நாமெல்லாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற சமாசாரத்தில் ஒரு பட்டை நிறைய வெள்ளைகள் இருக்கின்றன. சாம்பல் ஓடிய வெள்ளை, மஞ்சள் ஓடிய வெள்ளை, நுனி மட்டும் நீலம் தட்டிய வெள்ளை. அத்தனையும் அவளுக்கு அத்துப்படி.

மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து, பெயருக்குப் பதில் ஒரு எண்ணைப் போட்டு அனுப்புவார்கள். கூடத்தில் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறும் பல்லுமாக அந்த வாயை அப்படியே மேசை மேல் கொண்டுவந்து, இல்லாத பற்களை மெழுகில் நட்டுப் பார்த்து, எல்லாம் சரியென்றால் பிறகு செட்டாகச் செய்து கொடுப்பார்கள். நிறம் சரியில்லை என்று பல் திரும்பி வந்தால் மருத்துவர் நோயாளியையே இங்கே அனுப்பிவிடுவார். ஷேடக்கா அவரை ஜன்னலோர நாற்காலியில் வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவைத்து, மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை உதட்டருகே பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். உடனே முகத்தைத் திருப்பிச் சுவரில் மாட்டியிருக்கும் நீலத் துணியைப் பார்ப்பாள். பிறகு மறுபடி ஒரு பார்வை. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் களைத்துப்போகும். எல்லாப் பல்லும் ஒரே நிறமாகத் தெரியும். எதைக் காட்டினாலும் பொருந்துகிறது என்று தோன்ற ஆரம்பித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவள், ஒரு மனிதனை மட்டும் மூன்று வருடம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன சொல்வது.

இதில் வேடிக்கை, ஊரார் வாய்க்கெல்லாம் நிறம் பார்த்துக் கொடுக்கிறவளின் வாயிலேயே ஒரு முன்பல் ஒட்டாமல் தனியாகத் தெரியும். அது அவளே செய்துகொண்ட பல். செய்த நாளில் கச்சிதமாகத்தான் இருந்தது. பக்கத்துப் பற்கள் வருடக்கணக்காகத் தேநீர் குடித்து மஞ்சளாகிவிட்டன. இது மட்டும் வயது ஏறாமல் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. மாற்றிக்கொள்ளேன் என்று முதலாளி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். அவளும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று பிடி கொடுக்காமல் நழுவுவாள். பல் எப்படிப் போயிற்று என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. கூடத்துத் தரையில் பிளாஸ்டர் தண்ணீர் வழுக்கி விழுந்துவிட்டாளாம்.

அது பொய். அந்தப் பொய்யை அவள் முதலில் சொன்னபோது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. இப்போது ஐம்பது தாண்டிவிட்டது.

வீட்டில் அவளும் அக்காவும்தான். அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீடு. கணவர் காலமானதும், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போனதும், அக்கா ஒரு பெட்டியோடு இங்கே திரும்பி வந்துவிட்டாள். நல்லவள்தான். தங்கைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்திலிருந்து எழமாட்டாள். ஆனால் அக்காவுக்கு ஒரு குறை மனதிலேயே தங்கிவிட்டது. தங்கமான ஒரு மனிதனைத் தங்கை காலால் எட்டி உதைத்துவிட்டாள் என்பதே அந்தக் குறை. குழாய் ஒழுகினால் அவன் பேச்சு வரும். மின்விசிறி கிறீச்சிட்டால் அவன் பேச்சு வரும். "அவன் இருந்திருந்தா இந்நேரம் ஏணியைப் போட்டு ஏறியிருப்பான்" என்று விசிறியைப் பார்த்துச் சொல்வாள். சொல்வது விசிறிக்கு அல்ல என்று இருவருக்கும் தெரியும். தங்கை பதில் பேசமாட்டாள். பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு தூரம் போக உடம்பில் தெம்பில்லை.

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். கூடம் இருக்கிற கட்டடத்து லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். கையில் ஒரு பெட்டி நிறைய அடுத்தவர் பற்கள். கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. பயப்படாதீங்க, லிஃப்ட் கீழே விழாது, அதுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது என்றது அந்தக் குரல். அப்புறம் கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டது. பல் என்றாள் அவள்.  பிறகு, அப்படின்னா உள்ளே நீங்க மட்டும் இல்லை, கூட்டம் அதிகம், அதான் நின்னுடுச்சு என்றது. கதவு திறக்கிறவரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். திறந்தபோது எதிரில் நின்றவன் சிரித்தான். மேல்வரிசையில் இடப்பக்கத்து இரண்டாம் பல் மட்டும் லேசாகத் திரும்பியிருந்தது. அந்தத் திருப்பத்தில்தான் அவள் விழுந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. தொழில் புத்தி.

வீட்டில் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. அப்பா அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், வந்தால் எதையாவது கழற்றிச் சரிசெய்யாமல் போகமாட்டான். அக்கா அப்போது கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருந்தாள். அவன் வருகிற நாளில் அவளும் வந்து பரிமாறுவாள். அடுத்த வருடம் கல்யாணம் என்று பேச்சாயிற்று.

குடி இருந்தது. முதலில் அவளுக்கு அது தெரியாது. பிறகு தெரிந்தது, தெரிந்தாலும் பெரிதாகத் தோன்றவில்லை. சோடா பாட்டிலின் மூடியைக் கோரைப்பல்லால் கடித்துத் திறந்து காட்டுவான்; அவள் பல் போய்விடும் என்று கத்துவாள்; இருவரும் சிரிப்பார்கள். சோடா போய் வேறு பாட்டில் வந்தபோதும் அந்தச் சிரிப்பு கொஞ்ச காலம் நீடித்தது. அப்புறம் வேலைக்குப் போகாத நாட்கள் வந்தன. அவனுக்கு ஜுரம் என்று அவன் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்கிறவள் அவளாகிப்போனாள். குடிப்பான், கத்துவான், பிறகு உட்கார்ந்து அழுவான். இனிமேல் தொடமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வான். அவனுடைய அப்பா அவனை அடித்ததைச் சொல்வான், பள்ளிக்கூடத்தில் பட்டதைச் சொல்வான். அத்தனையும் உண்மை. கேட்டுக் கேட்டு அவளுக்கு மனம் உருகும். அவளால் மட்டும்தான் இவனைத் தூக்கி நிறுத்த முடியும் என்று ஒரு கர்வம் வேறு. மறுநாள் சவரம் செய்து, தலைசீவி, புது மனிதனாக வந்து நிற்பான். அந்தப் புது மனிதனைத்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பழைய மனிதனை அவள் ஒருத்தி மட்டும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மதியம் அவன் அறைக்குப் போனாள். பாட்டிலைக் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள். அவன் தள்ளிவிட்டான். அவ்வளவு பலமாகத் தள்ள வேண்டும் என்று நினைத்திருக்கமாட்டான், ஆனால் தள்ளினான். கைகழுவும் தொட்டியின் விளிம்பில் அவள் வாய் மோதியது. பல் உடைந்து உள்ளங்கையில் விழுந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவன் தரையில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். இவள் என்ன செய்தாள் தெரியுமா? வாயில் கைக்குட்டையை அமுக்கிக்கொண்டு, அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொன்னாள். அழுது களைத்து அவன் தரையிலேயே தூங்கிப்போனான். தொட்டியிலும் தரையிலும் இருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அவள் தனியாக நடந்து மருத்துவரிடம் போனாள்.

அன்று சாயங்காலம் வீங்கிய உதட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, குளித்துச் சவரம் செய்து, பழப்பையோடு அவன் வந்தான். கூடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அக்கா அவனிடம் சொன்னாள். அவன் பதறிப்போய் அவளருகே வந்து குனிந்து, "பாத்து நடக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. தள்ளியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், அப்பா, அக்கா முன்னால், இப்படி நடிக்க முடிகிற ஒருவனோடு எப்படி வாழ்வது? மறுநாளிலிருந்து அவள் லிஃப்டில் ஏறவில்லை. ஐந்து மாடியும் படியேறினாள். அவன் வந்து வந்து கேட்டான். பிடிக்கவில்லை என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அப்பாவிடம் வந்து, "நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியலையே" என்று கண் கலங்கினான். அப்பா மகளைத் திட்டித் தீர்த்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருடம் அவனை வானளாவப் புகழ்ந்த வாயாயிற்றே; அதே வாயால் எப்படிச் சொல்வது என்று கூசியது. பிறகு சொல்லலாம் என்று தள்ளினாள். பிறகு அப்பா இல்லாமல் போனார். பிறகு வேறு யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவும் தோன்றவில்லை. அக்கா கணக்கில் அதுவும் திமிர்.

இத்தனை வருடத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். அவன் திரும்ப வரவேண்டும் என்பதல்ல. அவன் கெட்டுப்போக வேண்டும் என்பதும் அல்ல. அக்கா முன்னால் நின்று, நான்தான் தள்ளினேன் என்று அவன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். நடந்ததை அறிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். தன் வார்த்தைக்கு வீட்டில் மதிப்பில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மிச்சமிருப்பது அவன் வார்த்தை.

போன மாதம் ஒரு காலை, வந்திருந்த அச்சுகளில் ஒன்றில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் பிரித்து எடுத்தாள். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் இல்லை. கீழ்வரிசையைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. நடுவில் இரண்டு பற்கள், பேருந்தில் ஒரே இருக்கைக்கு முட்டிக்கொள்கிறவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. வலது கோரைப்பல்லின் நுனியில் அரைவட்டமாக ஒரு தேய்மானம். பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் இந்த வாய் அவளுக்குத் தெரியாதா? எண்ணைப் பார்த்தாள், எண்ணில் என்ன இருக்கப்போகிறது. வாயை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

மருத்துவர் குறிப்பில் எழுதியிருந்தது, நான்கு பற்களும் ஒரே சீராக, நேராக. அவள் மெழுகில் நட்டு முடித்துத் தூக்கிப் பார்த்தபோது, இடப்பக்கத்து இரண்டாம் பல் லேசாகத் திரும்பியிருந்தது. இவ்வளவு வருட அனுபவத்தில் அவள் செய்யாத பிழை. கை பழக்கத்தில் செய்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல கதைதான், இத்தனை வருடமாக வேறு எந்த வாய்க்கும் அந்தப் பழக்கம் வரவில்லையே. மெழுகு மெழுகுதானே, கொஞ்சம் சூடு காட்டித் திருப்பினால் நேராகிவிடும். அவள் திருப்பவில்லை. முதலாளி பார்த்துவிட்டு, என்ன ஷேடக்கா, குறிப்பில் நேராக என்றல்லவா இருக்கிறது என்றார். கீழ்ப்பல் இடிக்கிறது, இப்படி வைத்தால்தான் கடி உட்காரும் என்று வாய் கூசாமல் சொன்னாள். மெழுகோடு அப்படியே மருத்துவரிடம் போயிற்று.

இரண்டு நாள் கழித்து மருத்துவர் கூடத்துக்குப் போன் செய்தார். நோயாளிக்குப் பல்வரிசை ரொம்பப் பிடித்துவிட்டதாம். கண்ணாடியைக் கையில் வாங்கினவர் தரவே இல்லையாம். யார் செய்தது, யார் செய்தது என்று கேட்கிறாராம். நிறம்தான் கொஞ்சம் வெள்ளை கூடுதல். நாளைக் காலை மெழுகுப் பல்லையும் கையில் கொடுத்து அவரை அங்கே அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்றார். போனை வைத்தாள். வருவான். கேட்கலாம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அக்கா முன்னால் நிறுத்தலாம். அன்று இரவு அக்கா வழக்கம்போல் விசிறியைப் பார்த்து ஏதோ சொன்னபோது, தங்கைக்கு முதல்முறையாகக் கோபம் வரவில்லை.

மறுநாள் வந்தான். நல்லவேளை, முதலாளி உள்ளே பல் தேய்க்கிற இயந்திரத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, சட்டை மட்டும் துவைத்துத் தேய்த்துப் போட்டிருந்தான். வாசலிலேயே நின்றான்.

"நீங்களாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அந்தப் பல்லு திரும்பியிருந்தது எனக்கே மறந்துபோயிருந்துச்சு. கண்ணாடியில பாத்ததும் பக்குனு ஆயிடுச்சு."

உட்காருங்கள் என்று ஜன்னலோர நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தான். குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகிறதாம். உடம்பு ஒருமுறை மொத்தமாகப் படுத்து எழுந்ததாம். ஈறு கெட்டுப் பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்ததாம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை. இதையெல்லாம் பல் இல்லாத வாயால் காற்று கலந்து சொன்னான். பிறகு கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, தயாராகக் கொண்டுவந்திருந்ததைச் சொன்னான்.

"நான் குடிச்ச காலத்துல நிறைய பேரை நோகடிச்சிருக்கேன். உங்களையும் நோகடிச்சிருப்பேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவளுக்கு இது போதவில்லை. பெட்டியில் வருகிற ஆயத்தப் பல் மாதிரி, யார் வாய்க்கும் ஏறக்குறைய பொருந்துகிற மன்னிப்பு அது. நோகடித்திருப்பானாம். சரி, இன்னும் வரும் என்று காத்திருந்தாள். பட்டையை எடுத்து அவன் உதட்டருகே பிடிக்கக் குனிந்தாள். அப்போதுதான் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பக்கத்தில் பார்த்தான். அவன் பார்வை அவள் வாயில் நின்றது.

"உன் முன்பல்லு ஒண்ணு மட்டும் வேற நிறமா இருக்கே. என்ன ஆச்சு?"

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். ஒரு பார்வை. பிறகு திரும்பி நீலத் துணியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். நடிப்பு இல்லை. ஒரு துளிகூட இல்லை. தெரியாமல்தான் கேட்கிறான்; அன்று அக்கா சொன்ன வழுக்கி விழுந்த கதைகூட அவனுக்கு மறந்துபோயிருக்கிறது. உடனே இன்னொன்றும் விளங்கியது. அன்று சாயங்காலம், பழப்பையோடு வந்து, பாத்து நடக்கக் கூடாதா என்று கேட்டபோதும் இவனுக்குத் தெரியாது. தூங்கி எழுந்தவன் தலையில் மதியம் என்ற ஒன்றே இருந்திருக்கவில்லை. நான் என்ன தப்பு பண்ணேன் என்று அப்பா முன்னால் கலங்கியதும் உண்மைக் கலக்கம்தான். இத்தனை வருடம் அவள் வெறுத்துவந்தது ஒரு நடிப்பை. அந்த நடிப்பே நடக்கவில்லை. இது விளங்கியதும் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெகுநாள் தூக்கிய பாரத்தை, இது உன் வீட்டுச் சாமான் இல்லையம்மா என்று யாரோ சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

வழுக்கி விழுந்துட்டேன் என்ற பதில் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"நீ தள்ளிவிட்டே. உன் ரூம்ல. கை கழுவுற தொட்டியில அடிச்சு உடைஞ்சுது."

நீங்களும் வாங்களும் போய் நீ என்று வந்துவிட்டது. அவன் நானா என்று கேட்டான். பிறகு நானா என்று தனக்கே சொல்லிக்கொண்டான். முகம் கோணியது. தோள் குலுங்க ஆரம்பித்தது. பழைய அழுகை அப்படியே, அதே விம்மல், அதே மூச்சு. அவள் கை தன்னால் எழுந்து அவன் முதுகை நோக்கிப் போயிற்று. ஒண்ணுமில்ல என்ற சொல்கூட வாயில் பாதி வந்துவிட்டது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். தள்ளியவன் அழுவதும் தள்ளப்பட்டவள் தேற்றுவதும் அவளுக்கு ஒருமுறை போதும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, அவன் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள். இயந்திரம் உள்ளே இரைந்துகொண்டிருந்தது.

நான் என்ன செய்யணும் சொல்லு, எதுவானாலும் செய்யறேன் என்றான். இந்தக் கேள்விக்குத்தானே அவள் காத்திருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றாள். நாளைக்கே வருகிறேன் என்றான், யோசிக்காமல். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி,

"ஆனா எனக்கு ஞாபகம் இல்லையே. நீ இப்ப சொன்னதைத்தான் நான் அங்க வந்து சொல்ல முடியும்" என்றான்.

அதில் தவறொன்றும் இல்லை. நேர்மையாகத்தான் சொன்னான். ஆனால் அவளுக்கு உள்ளே ஏதோ கடைசியாகச் சரிந்து உட்கார்ந்தது. இரண்டு பேர் அறிந்த விஷயம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அன்று அவள் ஒருத்திதான் இருந்திருக்கிறாள். இவனை வீட்டுக்குக் கூட்டிப்போனால், அவள் சொல்லை அவள் எதிரிலேயே அவன் திருப்பிச் சொல்வான், சொல்லிவிட்டு அழுவான், அக்கா அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். போதும் சாமி.

வர வேண்டாம் என்றாள். அதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பிறகு பட்டையை எடுத்தாள். அவனை வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லி, நிறம் பார்த்து, எழுதிக்கொண்டாள். இரண்டாம் பல் அப்படியே இருக்கட்டுமா, நேராக்கிவிடலாமா என்று கேட்டாள். அவன் மெழுகுப் பல்லை ஒருமுறை பார்த்தான். நேராகவே இருக்கட்டும் என்றான். அவளுக்கும் அதுவே சரி என்று பட்டது. அவன் போனபிறகு மெழுகைச் சூடு காட்டித் திருப்பி வைத்துவிட்டு, தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டாள்.

வீட்டில் அக்கா காய்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். என்னடி இந்நேரத்தில் என்றாள். தங்கை கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல், சுவரில் சாய்ந்து நின்றபடி சொல்லிவிட்டாள். இவ்வளவு வருடம் பெரிய மலை என்று நினைத்துச் சுற்றிச் சுற்றி வந்தது நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. குரல்கூட உயரவில்லை. அக்கா மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அவனைக் கேட்டா என்ன சொல்வான்?"

"ஞாபகம் இல்லைன்னு சொல்வான். இன்னிக்குக் கேட்டுட்டுத்தான் வரேன்."

"அப்ப?"

"அப்ப நான் சொல்றது மட்டும்தான்க்கா. நம்பினா நம்பு. எனக்கு இதுக்கு மேல முடியல."

அக்கா துண்டை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், அப்பா காதில் விழாமல் போயிற்றே என்பாள் என்று தங்கை எதிர்பார்த்தாள். அதற்கெல்லாம் பதில் சொல்ல அவளிடம் மூச்சில்லை. உள்ளறைக்குப் போய்ச் சேலையைக்கூட மாற்றாமல் படுத்தாள். மதிய வெயில் காலில் விழுந்தது. எழுந்து திரைச்சீலையை இழுத்துவிடத் தோன்றவில்லை. இனி இந்த வீட்டில் விசிறி கிறீச்சிட்டால் என்ன பேச்சு வருமோ, வந்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணை மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் திரைச்சீலை இழுபடும் சத்தம் கேட்டது. கட்டில் ஒரு பக்கம் அமுங்கியது. அக்கா அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். 

"அன்னிக்குச் சாயங்காலம் நான் அவனுக்கு ரெண்டாந்தடவை கேட்டுக் கேட்டுப் பரிமாறினேன்" என்றாள். "நீ ஒரு வாய்கூடச் சாப்பிடாம எதிர்ல உக்காந்திருந்தே. ஒரே பல்லுக்கு என்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு உன்னைத் திட்டினேன்."

தங்கை கண்ணைத் திறக்கவில்லை. அக்காவின் கை அவள் பாதத்தின் மேல் வந்து நின்றது.

"ரொம்ப வலிச்சுதாடி?"

அன்று தொடங்கி இன்றுவரை யாரும் அவளை அதைக் கேட்டதில்லை. மருத்துவர் கேட்டது எப்படி விழுந்தாய் என்று. அப்பா கேட்டது ஏன் அவனை விட்டாய் என்று. அவன்கூட இன்று காலை நானா என்றுதான் கேட்டான்.

"ஆமாக்கா" என்றாள் அவள். "ரொம்ப."